கையைக் காட்டு

நான் மக்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. மூன்றாம் வகுப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பிய வாத்தியார் சொன்னார், என் அம்மா சொன்னாள், கல்யாணமான புதிதில் மாமியாரும் தன் பங்குக்குச் சொன்னார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்து யாரைக் கேட்டாலும், "யாரு, முந்திரி ஒடைக்கிற தில்லையம்மாளா? நல்ல பொம்பள, ஆனா மண்டையில ஒண்ணும் ஏறாது" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் என் மகள் இளவரசியை ஒருத்தர் அப்படிச் சொன்னால் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சொன்னவர் அவள் படித்த மெட்ரிக் பள்ளியின் பெரிய மிஸ். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று. நேராகச் சொல்லவில்லை, படித்தவர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். என்னை உட்காரவைத்து, அரையாண்டுப் பரீட்சைத் தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"பாருங்கம்மா, பத்துக் கேள்விக்கு மூணுதான் எழுதியிருக்கா. எல்லாப் பாடத்துலயும் இதே கதைதான்."

"எழுதுன மூணும் சரியாத்தான மிஸ் இருக்குது?"

"மூணு சரியா இருந்தா மூணாங் கிளாஸ் பாஸ் ஆயிடுமா? ஒவ்வொரு வரி எழுதறதுக்கு முன்னாடியும் கையப் பாவாடையில தொடைக்கிறா, பாக்குறா, மறுபடியும் தொடைக்கிறா. கம்ப்யூட்டர் கிளாஸ்ல மத்த பசங்க அடிச்சிப் புடிச்சிக்கிட்டு ஓடுதுங்க, இவ கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறா. வளர்ச்சியில ஏதோ குறை இருக்கும்மா."

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். சிதம்பரத்தில் புத்தியை அளந்து சொல்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறாராம். பரிசோதனை செய்து ஒரு நம்பர் கொடுப்பாராம். எழுபதுக்கு மேலே வந்தால் இளவரசி இங்கேயே படிக்கலாம். கீழே வந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு கடலூரில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போய்விட வேண்டும். மாதக் கடைசிக்குள் காகிதம் வந்தாக வேண்டும்.

"புத்திய எதால அளப்பாங்க மிஸ்? படியாலயா, மரக்காலாலயா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

லாரியில் போயிருந்த என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணுவுக்குப் போன் போட்டேன். "வுடு புள்ள. உன் வயித்துல பொறந்தது உன்ன மாதிரிதான இருக்கும்" என்று சிரித்தார். எப்போதும் செய்கிற கேலிதான். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. "வூட்டுக்கு வா மாமா, உனக்கு இருக்குது" என்று போனை வைத்தேன்.

என் மகளின் புத்தி எனக்குத் தெரியும். முந்திரிக் கொட்டையை வறுத்துக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் வெந்து கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம், அப்படியும் என் கை இருபத்தைந்து வருஷமாகக் கரிச்சட்டி மாதிரிதான் இருக்கிறது, எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. அந்தக் கையோடு வெள்ளைப் பருப்பைத் தொட்டால் கறை ஏறிவிடும். கறை ஏறிய பருப்பைக் கம்பெனியில் அப்படியே திருப்பிவிடுவார்கள். அதனால் பருப்பைப் பிரிக்கிற வேலை இளவரசியுடையது. பள்ளிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஓடு பொறுக்குவாள். பிறகு சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள். "கையக் காட்டு" என்பேன். உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள், புறங்கையைத் திருப்பிக் காட்டுவாள். சுத்தமாக இருந்தால் "ம்" என்பேன். அந்த "ம்" வராமல் பருப்பைத் தொட்டால் மணிக்கட்டில் ஒரு அடி விழும். ஐந்து வயதில் இரண்டு முறை வாங்கினாள், அதற்கப்புறம் வாங்கியதே இல்லை. உட்கார்ந்துவிட்டால் முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், நொறுங்கல் ஒரு பக்கம் என்று பார்க்காமலே பிரித்துத் தள்ளுவாள். இந்தப் பிள்ளையா மக்கு?

செவ்வாய்க்கிழமை இருவரும் கிளம்பினோம். கடலூரில் பஸ் மாறி சிதம்பரம் போய்ச் சேரும்போது பத்து மணி. டாக்டரம்மாவின் அறை கீழ வீதியில் ஒரு மாடியில் இருந்தது. பெயர் கார்த்யாயினி, முப்பது வயதுகூட இருக்காது. சுத்தமான மேசை, அதன்மேல் ஒரு பெட்டி, ஒரு கடிகாரம். "நீங்க வெளியில இருங்கம்மா. பக்கத்துல அம்மா இருந்தா கொழந்தைங்க அவங்க மூஞ்சியையே பாக்கும்" என்று கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது இளவரசி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அம்பத்தெட்டும்மா. வருத்தப்படாதீங்க. சிறப்புப் பள்ளியில நல்லா பாத்துக்குவாங்க. ஸ்கூலுக்குக் குடுக்க ரிப்போர்ட் இது."

காகிதம் முழுக்க இங்கிலீஷ். நான் அதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அழுகிறவள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்பது இந்த மக்குக்கும் தெரியும்.

திரும்பும்போது நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக ஆலைக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. பஸ் நின்றுவிட்டது. பாகு வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"உள்ள என்னாடி கேட்டாங்க?"

"நெறய கேட்டாங்கம்மா. படம் காட்டுனாங்க. செவப்பும் வெள்ளையுமா சின்னச் சின்னக் கட்ட வெச்சாங்க, அழகா இருந்துச்சி. அப்பறம் வூட்டுல தீப்புடிச்சா என்னா பண்ணுவேன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"தண்ணி ஊத்த மாட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. தாள்ல குறுக்கால ஒரு கோடு போட்டாங்க."

எனக்கு உச்சந்தலை சூடேறியது. முந்தின வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அக்காவின் கொட்டகையில் வறுக்கும்போது எண்ணெயில் தீப்பிடித்தது. அக்கா பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். தீ கூரை வரை எகிறியது, அக்காவின் கை முழங்கை வரை வெந்தது. மண்ணை அள்ளிப் போட்டுத்தான் அணைத்தோம். இளவரசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று சொன்ன பிள்ளைக்குக் குறுக்குக் கோடா? கட்டை, படம் எதுவும் அதற்குமேல் என் காதில் ஏறவில்லை. இரண்டு நாள் கொட்டையை உடைத்த ஒவ்வொரு தட்டிலும் அந்தக் கோடுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் சிதம்பரம். இந்த முறை எந்த மிஸ்ஸும் அனுப்பவில்லை, நானாகப் போனேன். வேறொரு குடும்பம் உள்ளே இருந்தது. நான் கோபக்காரிதான், வரிசை தெரியாதவள் இல்லை. அவர்கள் போகும்வரை காத்திருந்து, இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மடித்த ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தேன்.

"டாக்டரம்மா, எம் பொண்ண நீங்க நெறயக் கேட்டீங்க. நான் உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முந்திரி எண்ணெயில தீப்புடிச்சிக்கிச்சி. என்னா பண்ணுவீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தண்ணி ஊத்தி..."

"போச்சி! வூடு பூரா எரிஞ்சிபோச்சி. இப்ப உங்களுக்கு நான் என்னா நம்பர் போடட்டும்?"

பக்கத்தில் நின்ற இளவரசி களுக்கென்று சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. வெளியே போ என்று சொல்லப்போகிறார், நானும் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினேன். அவர் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். சின்னம்மாள் அக்காவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து இளவரசியின் ஃபைலை எடுத்தார், அந்தக் குறுக்குக் கோட்டைத் தேடி அடித்தார்.

"என் தப்புதாம்மா. ஏன் தண்ணி ஊத்த மாட்டேங்கறன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒத்துக்கொள்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போயிற்று.

"ஆனா இதுனால ஜாஸ்தி மாறாது. அம்பத்தெட்டு அறுபதாகும். எழுபது ஆகாது" என்றார்.

"மிச்சம் எங்க போச்சி?"

"பாதிப் பரிசோதனை கையால செய்யறது. இந்தக் கட்டைங்கள அட்டையில இருக்கற மாதிரி அடுக்கணும், துண்டுத் துண்டான படத்தச் சேக்கணும். எல்லாத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. இவ எதையுமே தொடலம்மா. செய்ம்மா செய்ம்மான்னு எத்தனையோ தடவ சொன்னேன். சும்மாவே ஒக்காந்திருந்தா. எல்லாத்துலயும் சைபர்." ரிப்போர்ட்டைத் திருப்பி ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "இன்னொண்ணு, அதவிட முக்கியம். நான் கட்டைய வெச்ச ஒவ்வொரு தடவையும் கைய ஒரு மாதிரி ஆட்டுனா. காரணமில்லாத கை அசைவுன்னு எழுதியிருக்கேன். வளர்ச்சி குறைஞ்ச சில கொழந்தைங்க அப்படிப் பண்ணும்."

"எம் பொண்ணு கைய ஆட்ட மாட்டாளே. எப்டி ஆட்டுனா? செஞ்சி காட்டுங்க."

டாக்டரம்மா தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு புறங்கையைத் திருப்பிக் காட்டினார்.

"ம்" என்றேன்.

நான் சொல்லவில்லை, என் வாய் தானாகச் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரமும் என் பிள்ளை இந்த மேசைக்கு முன்னால் கையைக் காட்டிக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்று ஒன்றை எதிரில் வைத்திருக்கிறார்கள். தொடலாம் என்று சொல்கிற "ம்" வரும் வரும் என்று காத்திருக்கிறாள். பரீட்சைத் தாளும் வெள்ளை. கம்ப்யூட்டரும் வெள்ளை. மூன்று வருஷமாகப் பள்ளியிலும் இதே காத்திருப்புதான், அங்கே சொல்ல ஆளில்லாமல் தானே துடைத்துத் தானே பார்த்து மூன்று கேள்வி எழுதியிருக்கிறாள். அவள் கையை ஒரு குறையும் கட்டவில்லை. நான்தான் கட்டினேன். இரண்டே அடியில் கட்டினேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அழுகை வந்தது, அதை நான் தடுக்கவில்லை. "உங்க தப்பு ஒரு கேள்விதான் டாக்டரம்மா. மிச்சம் பூரா என் தப்பு" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "இது செல்லாது. ஏற்கெனவே பாத்த கட்டையையும் படத்தையும் உடனே வெச்சாலும் செல்லாது. எங்கிட்ட வேற ஒரு செட் இருக்கு. நீங்களும் உள்ளயே இருங்க. ஆனா அந்த ஒரு சத்தத்தத் தவிர வேற எதுவும் வாயத் தொறக்கக் கூடாது."

இளவரசி குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சாம்பல் இல்லை, சோப்புதான். கட்டைகளை மேசையில் கொட்டினதும் அவள் கை பாவாடைக்கு அடியில் போனது, நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"கையக் காட்டு" என்றேன்.

விரித்தாள், திருப்பினாள்.

"ம்."

அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கை எங்கே நின்றது? அட்டையை ஒரு பார்வை பார்ப்பாள், கட்டையை எடுப்பாள், திருப்புவாள், வைப்பாள். ஒரு பக்கம் முழு வெள்ளை, ஒரு பக்கம் முழுச் சிவப்பு, ஒரு பக்கம் குறுக்காக வெட்டிய மாதிரி பாதி பாதி. வைக்கும்போது உதடு அசைந்தது. "முழுசு, பாதி, பாதி, முழுசு" என்று பருப்பு பிரிக்கிற அதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தார், சட்டென்று ஞாபகம் வந்து மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது.

"தொண்ணூத்தாறு" என்றார் டாக்டரம்மா.

"நூத்துக்கா?"

"இது பரீட்சை மார்க் இல்லம்மா. நூறுங்கறது நடுவுல இருக்கற புள்ளி. இவ அதுக்குப் பக்கத்துலதான் இருக்கா. எல்லாக் கொழந்தைங்களையும் போல இருக்கான்னு அர்த்தம்."

"எல்லாரையும் போலவா? பாக்காமயே முந்திரி பிரிக்கிற புள்ளய எல்லாரையும் போலன்னு சொல்றீங்க! அந்த நாலு எங்க போச்சி?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முந்திரி பிரிக்கிறத அளக்க எங்கிட்ட பெட்டி இல்லம்மா. இருந்திருந்தா நாலு என்ன, நாப்பதுகூட மேல போயிருக்கும்."

அது நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டேன். அவர் அங்கேயே பெரிய மிஸ்ஸுக்குப் போன் போட்டார். இளவரசி இந்தப் பள்ளியிலேயேதான் படிக்க வேண்டும், பழைய ரிப்போர்ட் செல்லாது, புதியதைத் தாயிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரு மாதத்துக்கு அவள் எழுத ஆரம்பிக்கும் முன்பு யாராவது அவள் கையைப் பார்த்து "ம்" சொல்ல வேண்டும், போகப் போக அவளே விட்டுவிடுவாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமாம் மேடம், ம். வெறும் ம்தான்" என்று இவர் மறுபடியும் சொன்னார். பெரிய மிஸ் என் மகளின் முன்னால் குனிந்து "ம்" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் கொடுத்ததெல்லாம் அதற்கே தகும்.

காகிதம் அச்சாகி வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டைகள் மேசைமேலேயே கிடந்தன. டாக்டரம்மா அவற்றை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒண்ணு அடுக்கிப் பாருங்களேன்."

"நானா? வேற வேல இல்ல உங்களுக்கு. நான் மக்கு டாக்டரம்மா."

"யார் அளந்தாங்க?"

பதில் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வாத்தியார் என்று சொல்ல வந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் அவர் எனக்குப் புதுச் சாக்பீஸ் ஒன்றை நீட்டினார், பலகைக்குப் போய் என் பெயரை எழுதச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியும். முதல் நாள் மாலை முழுக்க அம்மாவோடு கொட்டை உடைத்திருந்தேன். சாக்பீஸ் பருப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்து நின்றேன். அவர் இரண்டு முறை சொன்னார், மூன்றாவது முறை மக்கு என்றார், வகுப்பே சிரித்தது. அந்த வருஷத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். நான் ஏன் அன்றைக்கு அந்தச் சாக்பீஸை வாங்கவில்லை என்று இருபத்தைந்து வருஷமாக எனக்கே தெரியாது. புத்தி இல்லை, அதனால் வாங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கையக் காட்டு" என்பது எங்கள் வீட்டில் நான் கொண்டுவந்த சட்டம் இல்லை. என் அம்மாவுடையது.

குனிந்து பார்த்தால் என் இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருந்தன. எப்போது உள்ளே போயின என்று தெரியவில்லை. எதிரில் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது கட்டைகள். தொடவா வேண்டாமா என்று தவித்தேன், ஒரு விளையாட்டுக் கட்டைக்குப் போய்.

இளவரசி நாற்காலியை விட்டு இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், அசல் என்னைப்போலவே.

"எம்மா, கையக் காட்டு."

காட்டினேன். கறுத்து வெடித்த உள்ளங்கையை விரித்தேன். நகக்கண்ணெல்லாம் கரியேறிய புறங்கையைத் திருப்பினேன். அவள் அவசரப்படவில்லை. நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

நான் முதல் கட்டையை எடுத்தேன்.